குப்பிக்கு வழிகாட்டும் அரசு

பனச்சமூடு சந்தையில் நின்று, "குப்பி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியுமுன் இரண்டு மாநிலங்கள் வழி சொல்லும். இந்தப் பக்கம் கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோ, அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் டாஸ்மாக். அதே இடத்தில், "குடியை நிறுத்தணும், ஏஏ கூட்டம் எங்க நடக்குது அண்ணே?" என்று கேளுங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர் இருந்தால் உங்களை ஓரமாகக் கூட்டிப்போய், ஏதோ களவுச் சரக்கு விற்பவரைப்போல் காதோடு சொல்வார். குடிப்பவன் இங்கே நிமிர்ந்து நடக்கலாம். நிறுத்த நினைப்பவன்தான் ஒளிந்து நடக்க வேண்டும்.

எல்லையோர மக்கள்மீது இரு அரசுகளுக்கும் அப்படியொரு பாசம். கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது. சம்பளம் வீடு போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம். எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அந்தச் சம்பளம் அக்கரைக்கு நடந்துபோகிறது. தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் தினம். கள்ளுண்ணாமை எழுதியவரை மதித்து டாஸ்மாக் பூட்டிக்கொள்ளும். வள்ளுவரின் அதிகாரம் எல்லைக் கல்லோடு தீர்ந்துவிடும், அன்று பெவ்கோ கைகொடுக்கும். காந்தி ஜெயந்திக்கு இரண்டும் பூட்டும். முந்தின நாளே வாங்கி வைக்கத்தான் காலண்டரில் அக்டோபர் 1 என்று ஒரு நாள் இருக்கிறதே என்றால், அன்றும் கேரளத்தில் முதல் தேதி. பாவம், தமிழ்நாடு ஒற்றை ஆளாக இரண்டு மாநிலத்துத் தாகத்தையும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அரசுக்கு வழிகாட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டியதும் குடி கிடைக்காமல் கேரளத்தில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். உடனே அரசு யோசித்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று ஆணை போட்டது. மருத்துவர்கள் கொதித்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மனம் தளராத அரசு மே மாதம் 'பெவ்க்யூ' செயலியைக் கொண்டுவந்தது. பின்கோடு கொடுத்தால் போதும், எந்தக் கடை, எத்தனை மணி என்று உள்ளங்கையில் விடை. தமிழ்நாட்டில் கிழமைக்கொரு நிறத்தில் டோக்கன், மூங்கில் தடுப்பு, காவலுக்குப் போலீஸ். குடிப்பவனைக் கடைவரை கைபிடித்துக் கூட்டிப்போன அரசுகள் இவை. குடியை விட்டவன் போய் உட்கார ஒரு கூட்டம் எங்கே என்று அந்தப் பின்கோடு ஒருநாளும் சொன்னதில்லை.

நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். முதல் சில நாட்களுக்கு மருத்துவமனை கட்டாயம் வேண்டும். அதற்குக் கேரளத்தில் 'விமுக்தி' இருக்கிறது. 2016இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை நடத்துவது எக்சைஸ் துறை. மது விற்க உரிமம் கொடுப்பதும் அதே எக்சைஸ் துறை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவனுக்குச் சாயங்காலம் ஏழு மணி என்று ஒன்று வரும். மருந்துச் சீட்டில் அந்த ஏழு மணிக்கு மருந்து கிடையாது. அந்த நேரத்தைத் தாண்டிய இன்னொரு குடிநோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், இப்படித்தான் உட்கார்ந்து பேசினார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, பிறந்தது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் ஆசை. கட்டணம் இல்லை. அரசுப் பணம் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். பெயரை வெளியே சொல்வதில்லை என்பது அங்கே வரும் ஆளுக்கான காப்பு. மண்டபத்தையும் மணியையும் மறைக்கச் சொல்லி எவரும் விதி எழுதவில்லை.

டாஸ்மாக் 2024-25இல் ஈட்டித்தந்தது 48,344 கோடி ரூபாய். பெவ்கோ ஊழியருக்கு 2025 ஓணத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் போனஸ். ஆகவே இரு அரசுகளுக்கும் ஒரு யோசனை. கூட்டத்துக்கும் கடைபோல ஓர் எண் கொடுங்கள். தீபாவளிக்கு விற்பனை பார்ப்பதுபோல, எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்று இலக்கு வையுங்கள். எட்டாத அதிகாரியிடம் விளக்கம் கேளுங்கள். ஓணத்துக்கு யாராவது ஒருவர் வீட்டில் தெளிவாக உட்கார்ந்து சத்யா விருந்து சாப்பிட்டால், அவர் மனைவிக்கு அந்த போனஸைக் கொடுங்கள். இத்தனை வருடம் உங்கள் வருமானத்துக்கு உழைத்தது அவள்தான்.

சிரித்தது போதும். பனச்சமூட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத மார்த்தாண்டம் உண்ணாமலைக்கடையில், 2015 ஜூலை 31 அன்று, ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசி பெருமாள் செத்துப்போனார். ஒரு கடைக்கு ஓர் உயிர் கேட்ட அரசு அது.

நாங்கள் கடையைப் பூட்டக்கூடக் கேட்கவில்லை. அந்தத் துணிச்சல் உங்களுக்கு வராது. கடைப் பலகையில் ஒரு வரி எழுதுங்கள்: பக்கத்தில் கூட்டம் எந்த மண்டபத்தில், என்ன கிழமை, எத்தனை மணிக்கு. செலவு ஒரு டப்பா பெயிண்ட். அதற்கும் மனமில்லை என்றால் குப்பியில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையையும் அழித்துவிடுங்கள். கேடு என்று தெரிந்துதான் விற்கிறோம் என்று ஒவ்வொரு குப்பியிலும் எதற்கு வாக்குமூலம் ஒட்டி அனுப்புகிறீர்கள்?