270 கோடி வயதும் 12 நாள் வேலையும்

கேள்வி: எங்கள் கோலார் தங்கவயல் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததாம், பேரன் சொல்கிறான். நான் சர்வீஸ் முழுக்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்தவன். ஒரு எரிமலையையும் கண்டதில்லையே?
– ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, மாரிகுப்பம்

பதில்: தினமும் கண்டிருக்கிறீர்கள் ஐயா, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும். தங்கம் கலந்த வெள்ளைக் கல் வரிக்கு, அதாவது ரீஃபுக்கு, இரண்டு பக்கமும் சுவர்போல் நின்றதே கறுப்புக் கல், ஆம்பிபோலைட், அதுதான் பழைய எரிமலைக் குழம்பு. வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் நீளம், சில கிலோமீட்டரே அகலம் கொண்ட கோலார் பாறைப்பட்டையில் பெரும்பகுதி இந்தக் கல்தான். கடலடியில் வழிந்து இறுகிய குழம்பு. நம்பிக்கை வரவில்லை என்றால் பேரனோடு கோலார் மாவட்டத்துப் பெத்தபள்ளிக்குப் போய்ப் பாருங்கள். எரிமலை தூக்கி எறிந்த துண்டுகள் பாறையாக இறுகிக் கிடக்கும் இடம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அனுமதிச் சீட்டு கேட்டு யாராவது வருவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: மறுபடியும் வெடிக்குமா?
– ராபர்ட்சன்பேட்டை

பதில்: வீட்டை விற்றுவிடாதீர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை மனிதன் இறங்கிப் பார்த்தாயிற்று. அங்கே பாறையின் சூடு 67 டிகிரி அளவுதான். பாசால்ட் குழம்புக்கு 1,200 டிகிரி வேண்டும். உங்கள் ஊர் எரிமலை என்றைக்கோ பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

கேள்வி: அப்படியானால் அந்தக் காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் உருள வீடே குலுங்கியதே, அது என்ன?
– ஆண்டர்சன்பேட்டை

பதில்: ராக் பர்ஸ்ட். அதற்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. கல்லை வெட்டி எடுத்தபின் மேலே இருக்கும் பாரத்தை மிச்சமிருக்கும் பாறை சுமக்க வேண்டும். சுமக்க முடியாதபோது வெடிக்கும். அது மனிதன் செய்த வேலை. உள்ளே இருந்தவர்கள் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். இதில் வேடிக்கைக்கு இடமில்லை.

கேள்வி: இந்த எரிமலைக் கல்லுக்கு வயது 270 கோடி ஆண்டு என்கிறார்களே, யார் பக்கத்திலிருந்து எண்ணினார்கள்?
– மதுரை

பதில்: யுரேனியம். அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒருவகை யுரேனியம் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, இன்னொரு வகைக்கு 70 கோடி. சிர்க்கான் என்ற பொடிப் படிகம் பிறக்கும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே உள்ளே இருக்கும் ஈயமெல்லாம் பிற்பாடு அங்கேயே பிறந்தது. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரம், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வி. ராஜாமணி, எஸ். பாலகிருஷ்ணன் ஆகியோரும் அமெரிக்காவின் கில்பர்ட் ஹான்சன் குழுவும் சேர்ந்து 1980களில் கோலாரில் செய்த வேலை இது. 1989இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பட்டைக்கு மேற்கே இருக்கும் நைஸ் என்ற வரிவரியான பாறைகளுக்கும் கிழக்கே இருப்பவற்றுக்கும் வயது வேறு, பூர்வீகமும் வேறு என்று கண்டார்கள். இரண்டு தனித்தனி நிலத்துண்டுகள் வந்து மோதி ஒட்டிய தையல்தான் தங்கவயல் என்பது அவர்கள் வாதம். மேற்குப் பக்கப் பாறை ஒன்றுக்கு ‘தோசா நைஸ்’ என்று பெயர். சட்னி பற்றிய தகவல் இல்லை.

கேள்வி: அந்த வயதோடு ‘கூடக் குறைய’ என்று ஒன்று போடுகிறார்களே. எத்தனை கூட, எத்தனை குறைய? மளிகைக் கடைக்காரனாக இருந்தால் விடுவோமா?
– வாணியம்பாடி

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். கிழக்குப் பக்கத்து நைஸுக்கு சிர்க்கான் தந்த வயது 253 கோடியே 20 லட்சம், கூடக் குறைய 30 லட்சம். இது அபாரமான துல்லியம். ஆனால் நவீன மனிதனின் மொத்தச் சரித்திரமும் 3 லட்சம் ஆண்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். எரிமலைக் கல்லில் சிர்க்கான் கிடைப்பது அபூர்வம். அதனால் அதை முழுக்கல்லின் ஈயத்தை வைத்து அளந்தார்கள். வந்த விடை 273 கோடி, கூடக் குறைய 15 கோடி!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ‘எப்போது நடந்தது’ என்பது ஒரு கேள்வி, ‘எவ்வளவு நேரம் நடந்தது’ என்பது வேறு கேள்வி. மகாராஷ்டிரத்துத் தக்காண எரிமலைக் குழம்பின் பெரும்பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன், 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவான காலத்தில் வெளியே வந்துவிட்டது. அந்த மகா கூத்து முழுவதையும் கோலாரின் ‘கூடக் குறைய’வுக்குள் வரிசையாக அடுக்கினாலும் இடம் மிஞ்சும். ஆகவே யுரேனியக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எரிமலையின் வேலை நேரம் தெரியாது, பிறந்த யுகம்தான் தெரியும்.

கேள்வி: வேலை நேரம் தெரிய என்ன வழி? எரிமலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமா?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: போடும், படிகத்துக்குள். அடியில் தேங்கி நிற்கும் குழம்பில் படிகங்கள் வளையம் வளையமாக வளரும். கீழேயிருந்து புதுக் குழம்பு வந்து கலந்தால் அடுத்த வளையத்தின் சேர்மானம் மாறிவிடும். பழைய வளையத்துக்கும் புதிய வளையத்துக்கும் நடுவே முதலில் எல்லைக்கோடு கூர்மையாக இருக்கும். அந்தச் சூட்டில் அணுக்கள் சும்மா இருக்காது, மெல்ல இடம்பெயர்ந்து கோட்டை மங்கச் செய்யும். டிகாக்‌ஷனில் பால் ஊற்றிய டபராவைப் பாருங்கள். கோடு இன்னும் தெரிந்தால் இப்போதுதான் ஊற்றியது, தெரியாவிட்டால் கொண்டுவந்தவர் வழியில் பேச நின்றிருக்கிறார். எரிமலை வெடித்துக் கல் குளிர்ந்ததும் அணுக்களின் நடமாட்டம் அப்படியே உறைந்துவிடும். கோடு எத்தனை மைக்ரான் மங்கியிருக்கிறது என்று நுண்கருவியில் அளந்தால், புதுக் குழம்பு வந்ததற்கும் வெடிப்புக்கும் நடுவே எவ்வளவு காலம் என்று கணக்கு வரும்.

இதில் 2012இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு முடிவு என்னைத் தூக்கிவாரிப்போட்டது. கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு, வெண்கலக் காலத்தில் வெடித்து மினோவன் குடியிருப்பையே சாம்பலில் புதைத்தது. அதற்கு முன் சுமார் 18,000 ஆண்டு பெரிய வெடிப்பு எதுவும் இல்லாமல் கிடந்த எரிமலை அது. டிம் டிரூயிட், ஃபிடல் கோஸ்டா ஆகியோர் பிளாஜியோகிளேஸ் படிகங்களை அளந்து பார்த்தால், கன கிலோமீட்டர் கணக்கில் புதுக் குழம்பு வந்து சேர்ந்தது கடைசி 100 ஆண்டுக்குள். சில சேர்க்கை, வெடிப்புக்குச் சில மாதம் முன்பு! ஆயிரக்கணக்கான ஆண்டு படிப்பே இல்லை, பரீட்சைக்கு முதல் நாள் இரவில் விழித்திருந்திருக்கிறது.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. குழம்பின் வெப்பநிலையை 30 டிகிரி தவறாக எடுத்தாலே விடை இரண்டு மடங்கு ஏறலாம் அல்லது பாதியாகலாம். 50 ஆண்டா 100 ஆண்டா என்று தகராறு வரும். 50 ஆண்டா 50,000 ஆண்டா என்ற தகராறு வராது. எனக்கு அது போதும்.

கேள்வி: அதே அளவையைத் தங்கவயல் கல்லில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே?
– உரிகம்

பதில்: ஆசைதான். ஆனால் பிற்காலத்தில் பூமிக்குள் அழுந்தி, பல நூறு டிகிரி சூட்டில் வெந்து, அந்தக் கல்லின் பழைய படிகங்கள் கரைந்து ஹார்ன்பிளெண்ட் என்ற வேறு கனிமமாக மறுபிறவி எடுத்துவிட்டன. பதிவேடே அடுப்பில் போய்விட்டது. தப்பியது உருவம் மட்டும். கடல் தண்ணீருக்குள் வழியும் குழம்பு தலையணை தலையணையாக உருண்டு திரளும். அதன் மேல்தோல் தண்ணீர் பட்ட சில விநாடிகளில் கண்ணாடியாக இறுகும். அந்தத் தலையணை வடிவமும் கறுத்த விளிம்பும் கோலார்ப் பட்டையில் நசுங்கி நீண்டு இன்றைக்கும் தெரிகின்றன. கோடிக் கணக்கில் பிழை உள்ள கல்லில், விநாடிக் கணக்கு வேலை மட்டும் அழியாமல் கிடக்கிறது.

கேள்வி: நாங்கள் வெட்டும் பிளாக் கிரானைட்டும் எரிமலைச் சரக்கா?
– கல்குவாரிக்காரர், கிருஷ்ணகிரி

பதில்: பங்காளி. அது கிரானைட்டே இல்லை, டாலரைட். பாறை வெடிப்பில் செங்குத்தாக ஏறி, வெளியே வராமல் உள்ளேயே நின்றுபோன குழம்பு. தங்கவயலையும் இப்படிப்பட்ட சுவர்கள் குறுக்கே வெட்டுகின்றன. குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 12 நாள், பத்து மீட்டருக்கு 3 ஆண்டு, நூறு மீட்டருக்கு 300 ஆண்டு. அதனால்தான் ஓரத்தில் மணி பொடிப்பொடியாகவும் நடுவில் பெரிதாகவும் இருக்கும். உங்கள் மேஸ்திரிக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் வெட்டினால் நல்ல பிளாக் விழும் என்று தெரியும்.

கேள்வி: தங்கத்தையும் எரிமலைதான் கக்கியதா?
– பங்காருப்பேட்டை

பதில்: இல்லை. எரிமலை ஓய்ந்து பல கோடி ஆண்டு கழித்து, பட்டை நசுங்கி வெடிப்பு விட்டபோது, ஆழத்திலிருந்து ஏறிய கொதிநீர் குவார்ட்ஸையும் தங்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கியது. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்தது, சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியது. அதற்குள் எடுத்தது 800 டன்னுக்கு மேல்.

கேள்வி: நம் நாட்டில் உயிரோடு இருக்கும் எரிமலை எது? அது எப்போது வெடிக்கும் என்று படிகம் சொல்லுமா?
– சிங்கப்பூர்

பதில்: அந்தமானின் பாரன் தீவு. 150 ஆண்டுக்கும் மேலாகத் தூங்கிவிட்டு 1991இல் எழுந்தது, அதற்குப் பிறகும் பல தடவை பொங்கியிருக்கிறது. வெடித்துச் சிதறிய பிறகுதான் படிகம் நம் கைக்கு வரும், அதனால் ஜோசியம் சொல்லாது. போன தடவை எத்தனை மாதம் முன்பே கீழே கலக்கம் தொடங்கியது என்று மட்டும் சொல்லும். நில அதிர்வுமானியை எவ்வளவு நாள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

கேள்வி: ‘கே.ஜி.எஃப்.’ படத்தில் இவ்வளவு பெரிய எரிமலையை ஏன் காட்டவில்லை?
– சென்னை

பதில்: கால்ஷீட் கேட்டிருப்பார்கள். கூடக் குறைய 15 கோடி ஆண்டு என்று பதில் வந்திருக்கும்.