பெரட்டு: ஒரு சொல்லாராய்ச்சி

பெரட்டு என்பது யாதெனின், மலேசியாவின் கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பால்வெட்டுக்காரர்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. கூப்பிடுபவர் கிராணி; அதட்டுபவர் மண்டோர். துரை வந்துவிட்டால் அதட்டலில் சுருதி ஏறும்.

இலக்கணம்: பெயர்ச்சொல். பன்மை இல்லை, ஒன்றையே தாங்க முடியவில்லை.

பிறப்பு: இதில் மூன்று கட்சி.

முதற்கட்சி, ஆங்கிலப் 'பரேட்' என்ற சொல்லே தோட்டத்து வாயில் பெரட்டு ஆயிற்று என்கிறது. ஆங்கிலத்துக்கு அதைத் தந்தது பிரெஞ்சு. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட ஹென்றி ஃபோக்கோனியே பிரெஞ்சுக்காரர். மூன்று மொழி சுற்றிக் கறுத்து வந்த தன் ஊர்ச் சொல்லை அவர் அடையாளம் கண்டிருப்பாரா என்பது தனி ஆய்வு. தென்னமரத்தில் செம்பனை எப்படி முளைத்தது என்பதைத் தாவரவியலாருக்கு விட்டோம்.

இரண்டாம் கட்சி பிரட்டல் கட்சி. களத்தில் கோழி காணப்படாமையால் தள்ளுபடி.

மூன்றாம் கட்சியே உரம் வாய்ந்தது. படுத்திருப்பவனைப் புரட்டி எழுப்புவதால் 'புரட்டு', அதுவே பெரட்டு, அதைத் திருடித்தான் வெள்ளைக்காரன் பரேட் நடத்தினான். சான்று: 'போர்வைப் புரட்டியம்', கரையான் அரித்த ஏடு, அரிக்காத இடது ஓரம். இதை மறுத்தெழுந்தது 'போர்வைப் புரட்டியக் கண்டனம்'. அதற்கு மறுப்பு 'கண்டன கண்டனம்'. அதன்மேல் 'கண்டன கண்டன குடாரம்', கொசுவலை உரையுடன். நான்கையும் இயற்றியவர் ஒருவரே. ஒவ்வொன்றிலும் முந்தைய ஆசிரியரை மூடர் என்கிறார். நம் புலவர் மரபில் இத்துணை ஒருமித்த கருத்து அரிது.

உலகத் தமிழாராய்ச்சியின் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலேயே கூடியது. பேராளர்கள் காலைப் பசியாறி முடிப்பதற்குள் வடசிலாங்கூரில் பெரட்டு கலைந்து, மங்குகளில் பால் வடிந்துகொண்டிருந்தது. விடியுமுன் நடப்பவை ஆய்வுக்கு அகப்படாமைக்கு இதுவே காரணம்.

முடிபு: பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. இவ்விதியை அடிக்குறிப்புகளுக்கும் நீட்டினால், மேற்கோளில் மட்டும் வந்துபோகும் நூல்களைப் பேர்பேராகக் கூப்பிடலாம். பல பேராசிரியர்களுக்கு அந்த மாதச் சம்பளம் தேறாது.