சிவப்புப் புள்ளி

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே, 2006-இல், ஒரு ரியூஷன் கொட்டில் இருந்தது. கிடுகுக் கூரை, மணல் தரை, நீள வாங்குகள். அங்கே உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்த சேர், தன் வீட்டுக் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து மேசைமேல் மேசை போட்டு, பின்வாங்கில் இருப்பவருக்கும் தெரியும்படி ஏற்றி வைத்திருந்தார். குணகம் மாறினால் பரவளைவு எப்படி விரிகிறது, எப்படிக் கவிழ்கிறது என்று திரையில் அசைத்துக் காட்ட வேண்டும் அவருக்கு. அதற்கு ஒவ்வொரு தடவையும் கரும்பலகையை விட்டு வந்து மவுஸைப் பிடிப்பார். அதற்குள் பிள்ளைகளின் கவனம் கலைந்துவிடும்.

"மனே, நான் பலகையடியில நிண்டபடியே இதை அசைக்க ஏலாதா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்து விட்டது.

கட்டாரிலிருந்து வந்த மச்சான் ஒரு பழைய நோக்கியா 6600 தந்திருந்தார். அதில் தொடுதிரை கிடையாது; நடுவில் விரல்நுனி அளவு குமிழ் ஒன்றுதான். ஜாவாவில் இரண்டு நிரல்கள் எழுதினேன். போனில் இருக்கும் நிரல் புளூடூத் வழியே 'வலப்பக்கம் போ' என்று சொல்லும். கொம்பியூட்டரில் இருக்கும் நிரல் அதைக் கேட்டு, ஜாவாவிலேயே உள்ள 'ரோபொட்' என்ற வகுப்பைக் கொண்டு சுட்டியை நகர்த்தும். பத்து மீற்றருக்குள் வேலை செய்யும். கொட்டிலுக்கு அது தாராளம்.

முதலில் போன் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் கொம்பியூட்டர் திரையின் ஓரிடத்துக்குப் பொருத்தினேன். போன் திரை 176 புள்ளி அகலம். கொம்பியூட்டர் திரை 1024. இங்கே ஒரு புள்ளி நகர்ந்தால் அங்கே ஆறு புள்ளி பாய்ந்தது. பரவளைவின் உச்சியைத் தொடப் போனால் சுட்டி தாண்டிப் போய் அந்தப் பக்கம் நிற்கும். ஆகவே எந்த இடம் என்பதை விட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்து எவ்வளவு அசைய வேண்டும் என்பதை மட்டும் அனுப்பினேன். ஒருதரம் தட்டினால் ஒரு புள்ளி. அழுத்திப் பிடித்தால் மெல்லத் தொடங்கி வேகம் எடுக்கும். எவ்வளவு வேகம் என்ற அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை போனது. சேரின் பெருவிரல்தான் அளவுகோல். அவர் முகம் சுளிக்காத எண்ணை வைத்துக்கொண்டேன். போனில் தமிழ் எழுத்துரு இல்லாததால் 'சொடுக்கு', 'இழு' என்ற சொற்களைச் சின்னப் படங்களாக வரைந்து பொத்தான்களில் ஒட்டினேன். கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் அடங்கியிருக்கும் ஊரில் ஆங்கிலப் பொத்தான் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிராட் மையர்ஸ் குழுவினர் 1990களின் கடைசியிலேயே பாம் பைலட் என்ற கைக்கருவியால் கொம்பியூட்டரை இயக்கிவிட்டார்கள் என்பதைப் பின்னாளில்தான் வாசித்தேன். அப்போது எனக்குத் தெரிந்த உலகம் அந்தக் கொட்டில்.

அந்த வருட மட்டக்களப்பில் 'ரிமோட்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. தூரத்தில் நின்று ஒருவன் பொத்தானை அழுத்தினால் தெருவில் கிளைமோர் வெடிக்கும். என் கொப்பியின் முன்னட்டையில் 'ரிமோட் கொன்ட்ரோல்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தேன். ஒருநாள் வீதிச் சோதனைச் சென்றியில் என் பையைத் திறந்தார்கள். கொப்பி, போன், வயர். "மே மொகக்த?" (இது என்ன?) என்று சிங்களத்தில் கேட்டவரின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது, அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். சேர் சைக்கிளில் வந்து, பரவளைவை மணலில் கீறிக் காட்டி, என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றிரவே நிரலின் பெயரை 'எலி' என்று மாற்றினேன். சேர் வேறொன்று கேட்டார். "போன் இதை அசைக்கிற நேரமெல்லாம் திரையின்ட மூலையில ஒரு சிவப்புப் புள்ளி தெரிய வேணும். ஆர் அசைக்கிற எண்டு புள்ளைகளுக்கு விளங்க வேணும்." வகுப்புத் தொடங்குமுன் போனை உயர்த்தி எல்லாருக்கும் காட்டுவார். புள்ளி எரியும். பிறகுதான் பாடம்.

2007 தொடக்கத்தில் வாவிக்கு அக்கரையான படுவான்கரைச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்தது. கொட்டிலில் மூன்று குடும்பங்கள் தங்கின. வகுப்பு அதோடு நின்றது.

இன்றைக்குக் கல்லடியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013-இல் திறந்த புதுப்பாலம் இருக்கிறது. 2014-இல் மண்முனைப் பாலம் வந்தபின் வாவியைக் கடக்க அங்கே பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் வேலையும் இல்லை. சேர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் கொம்பியூட்டர்; இடக்கையில் போன். நான் மாதக்கணக்கில் எழுதியதை கேடிஇ கனெக்ட் என்ற இலவசச் செயலி ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டது: போன் கண்ணாடியில் பெருவிரலைத் தடவினால் எதிரே சுட்டி நகர்கிறது. பழைய வினாத்தாள்களைப் புரட்டுகிறார், பேத்திக்குப் பரவளைவு காட்டுகிறார்.

அதே கொம்பியூட்டருக்குள் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தபடியே நான் போவதற்கு விஎன்சி வைத்தேன். கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுகூடத்தில் பிறந்து 1998-இல் எல்லாருக்கும் இலவசமாக விடப்பட்ட மென்பொருள் அது. முழுத் திரையையும் அனுப்பாமல் மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பும். ஊரின் மெலிந்த இணைப்புக்கு அதுதான் தோது. ஓரிரவு ஏதோ பழுது பார்க்க, சொல்லாமல் உள்ளே போனேன். போன் அடித்தது.

"மனே, நீயா?"

"ஓம் சேர்."

கொஞ்சநேரம் பேச்சில்லை. "கை ஏலாமக் கிடக்கிறன். சுட்டி தானா ஓடுது. தட்டிட்டு வா, மனே."

அந்தச் சென்றியில் நான் பட்ட பயத்தை அவருக்கு நானே கொடுத்துவிட்டேன். நித்திரை வரவில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, இதே மாதிரிச் செயலியைப் போடவைத்து வயதானவர்களின் காசை உருவுகிறவர்களும் இந்த நுட்பத்தைத்தான் பாவிக்கிறார்கள். யாரோ உள்ளே இருக்கிறார் என்பதைக் கண்ணுக்கெட்டாத மூலையில் மயிர் அளவு எழுத்தில் சொல்லும் செயலிகளைக் கண்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

மறுநாளே ஒரு சின்ன நிரல் எழுதினேன். நான் வர வேண்டுமானால் முதலில் சேரின் போனில் 'வரவா?' என்று கேட்கும். 'வா' என்ற பொத்தான் இடப்பெருவிரல் எட்டும் இடத்தில், திரையில் பாதி அளவுக்கு. 'நிறுத்து' அதற்குச் சமமான அளவு. நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி, கட்டிலில் இருந்து பார்த்தால் தெரியும் பருமனில்.

போன கிழமை பேத்தியின் வினாத்தாள் ஒன்று திறக்கவில்லை என்றார். 'வரவா?' அனுப்பினேன். அவரின் பெருவிரல் அந்தப் பொத்தானுக்கு வந்துசேர இப்போது கனநேரம் எடுக்கிறது. நான் இரண்டாம் தரம் அழுத்தவில்லை. போனில் மின்விசிறிச் சத்தமும், "அம்மப்பா, இங்க" என்று பேத்தி சொல்வதும் கேட்டது. பிறகு புள்ளி எரிந்தது.

"இப்ப வா, மனே."