55 மீட்டர் புறம்போக்கு

தேசிய நெடுஞ்சாலையில் இரு வண்டிகளுக்கு இடையே கிடக்கும் வெற்றிடம் யாருக்குச் சொந்தம்? சாலைவரி கட்டியவருக்கா, முதலில் மூக்கை நுழைத்தவருக்கா? முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் என்னும் பொறி நம் கார்களில் ஏறியபின் இக்கேள்வியைத் தள்ளிப்போட வழியில்லை. ஆய்வுக்களம்: பரனூர் சுங்கச்சாவடி தாண்டித் திண்டிவனம் வரை. பருவம்: பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு.

வரலாறு சிறிது. வேகத்தைச் சீராக வைக்கும் கருவிக்கு 1950இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரால்ஃப் டீட்டர் கண்பார்வை இல்லாதவர். பேசும்போது வேகத்தைக் குறைத்தும் கேட்கும்போது கூட்டியும் கார் ஓட்டிய தம் வக்கீலே அவருக்குத் தூண்டுதல் என்பர். (வக்கீல்களால் உலகுக்கு விளைந்த நன்மைகளில் இதையும் சேர்க்க.) 1995இல் ஜப்பானின் மிட்சுபிஷி டயமான்டே முன்வண்டியை லேசரால் அளந்து பின்தொடர்ந்தது. ஆனால் பிரேக்கைத் தொடாது. ஆக்சிலேட்டரைத் தளர்த்தும், கியரை இறக்கும், அவ்வளவே. ரேடாரும் பிரேக்கும் பின்னர் வந்தன.

பொறி இடைவெளியை வினாடியில் கணக்கிடும். இரண்டு வினாடி என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்தில் அது 55 மீட்டருக்குச் சற்று மேல். தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2,100 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. செங்கல்பட்டு மாவட்டத்தில் இவ்வளவு நிலம் வேலியில்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. முதலில் ஒரு ஸ்விஃப்ட் குடியேறும். பொறி பதறாமல் பின்வாங்கி, இன்னொரு கிரவுண்டை ஒதுக்கித் தரும். அதில் ஆம்னி பஸ் வந்து அமரும். “ஏம்ப்பா, ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே போறியே” என்பார் பக்கத்தில் இருக்கும் அப்பா.

அஃதேல், புகுவோர் பெருகப் பெருக நம் வண்டி பின்னோக்கியே போய்த் தாம்பரம் சேருமோ எனின், சேராது. ஒருவர் புகுந்தால் நட்டம் சுமார் இரண்டு வினாடி. நூறு பேர் புகுந்தாலும் 200 வினாடி. மூன்றரை நிமிடம்கூட இல்லை. மேல்மருவத்தூரில் டீயை ஆற்றிக் குடிக்கவே அதைவிட அதிகம் ஆகும். கணக்கு இப்படியிருக்க, ரத்தம் கொதிப்பது ஏன்? போவது மானம். அதற்கு வினாடிக் கணக்கு செல்லாது.

இடைவெளியைப் பொறி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்குக் குறைத்துவிடலாம் என்போர் உளர். அரைக் கிரவுண்டிலும் வீடு கட்டுகிறார்கள் என்பது அவர்களுக்கு விடை.

ஓரிடத்தில் மட்டும் விளையாட்டில்லை. வேகமாகச் செல்கையில், அசையாமல் நிற்கும் வண்டியைப் பொறி காணாமல் போகலாம் என்று கார்க் கையேடுகளே எச்சரிக்கின்றன. பஞ்சரான லாரியின் பின்னால் செருகிய வேப்பங்கிளைக்கு என்ன பொருள் என்று 77 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தெரியாது. அங்கே உங்கள் கால்தான் பிரேக்.

ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் பொறியிடம் ஒப்படைத்த பொறியாளர்கள், ஹாரனை மனிதரிடமே விட்டுவிட்டார்கள். வலது காலுக்கு வேலை போனதால், அதன் பங்கையும் சேர்த்து இப்போது உள்ளங்கை செய்துகொண்டிருக்கிறது.