கார் உடையார் பெருமை

கார் வைத்திருக்கும் பெரியோர்களே, உங்களைப் புகழ வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம். நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வந்தவர்கள் எல்லாம் அடியார்களையே சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியின் பானட்டை ஒருநாளும் தூக்கிப் பார்க்காமல், மனைவி மக்களையும் வயதான தாயையும் ஏற்றிக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குத் தாம்பரம் தாண்டித் திருச்சிக்குக் கிளம்புகிறீர்களே, அந்த நம்பிக்கையை யாரும் பாடவில்லை.

வண்டி எடுத்த நாளிலேயே உங்கள் பெருமை தொடங்குகிறது. மாலை போட்ட வண்டிக்கு முன்னால், அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறீர்கள். ஷோரூம் ஊழியர் ஏசி, புளூடூத், பின்பக்கக் கேமரா எல்லாவற்றையும் விளக்குகிறார், சலிக்காமல் கேட்கிறீர்கள். ஜாக்கியை எந்த இடத்தில் வைத்துத் தூக்குவது என்று அவரும் சொல்வதில்லை. நீங்களும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதில்லை. அங்கிருந்து நேரே கோயில் வாசல். நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம். டிக்கியின் அடியில் ஐந்தாவது சக்கரம் ஒன்று படுத்திருக்கிறது. அதற்கு அன்றைக்கு எலுமிச்சம்பழமும் இல்லை, பிறகு என்றைக்கும் காற்றும் இல்லை.

அந்த ஐந்தாவது சக்கரத்தை நீங்கள் தொந்தரவே செய்வதில்லை. காற்றுப் பிடிக்கிற பையன், "ஸ்டெப்னிக்கும் பாக்கணுமா சார்?" என்று கேட்கிறான். டிக்கி நிறையச் சாமான் இருக்கிறது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். சும்மா கிடக்கும் டயரிலிருந்தும் காற்று மெல்ல இறங்கும். ஓடாத ரப்பருக்கும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பிள்ளைகள் பிறந்த நட்சத்திரத்தையும் பாதத்தையும் மறக்காத நீங்கள், அவர்களைச் சுமந்து ஓடுகிற டயரின் பிறந்த வாரத்தைத் துருவிப் பார்ப்பதில்லை. பிறர் வயதைக் கேட்காத நாகரிகம் உங்களுடையது.

சிலருடைய நம்பிக்கை இன்னும் ஒருபடி மேல். டயரின் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருக்கிற ட்யூப்லெஸ் டயர் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். அதன்படி வந்த வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டு, பஞ்சரான இரவில் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துத்தான் அங்கே சக்கரம் இல்லை என்று அறிந்துகொள்கிறீர்கள். உடைமையின்மேல் இத்தனை பற்றில்லாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்!

அதியமானின் தூதராகப் போய்த் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை என்ன சொன்னாள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். படைக்கலங்களுக்குப் பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலுக்குள் வைத்திருந்தான் தொண்டைமான். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. உங்கள் டிக்கியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டில்தான் நினைவுக்கு வருகிறது. ஜாக்கி கம்பெனியில் மாட்டிய கொக்கியிலேயே மாட்டியபடி இருக்கிறது. வீல் ஸ்பேனரின் பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் பிளாஸ்டிக் உறைக்குள், கால் விரிக்காத குழந்தையாய்த் தூங்குகிறது. வண்டியோடு தந்த கையேடு, புது நோட்டு வாசம் மாறாமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலையில் உங்களுக்கு உதவ நிறுத்துகிற லாரிக்காரரின் ஜாக்கியைப் பாருங்கள்: கிரீஸ் படிந்து, கைப்பிடி வளைந்து, பார்க்கவே சகிக்காது.

அந்த லாரிக்காரர் வேலை செய்யும்போது உங்கள் அடக்கம் வெளிப்படுகிறது. அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியை முதல் கியரில் போட்டு, பஞ்சரான சக்கரத்துக்கு எதிர்மூலைச் சக்கரத்தின் கீழ் கல் வைக்கிறார். சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே ஸ்பேனரில் காலை ஊன்றி ஒவ்வொரு நட்டையும் அரைச்சுற்றுத் தளர்த்துகிறார். அதன்பிறகுதான் ஜாக்கி, அதுவும் கதவுக்குக் கீழே விளிம்பில் கம்பெனி போட்டிருக்கிற வெட்டுக் குறிக்கு நேராக. கழற்றிய சக்கரத்தை ஓரமாக உருட்டிவிடாமல் வண்டியின் வயிற்றுக்குக் கீழே படுக்கவைக்கிறார். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அவர்மேல் விழாது. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியபின் மறுபடி இறுக்குகிறார். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்கிறார். எல்லாம் கால்மணி நேரத்து வேலை. நீங்கள் செல்போன் விளக்கைப் பிடித்தபடி நிற்கிறீர்கள்; கண்முன்னே நடந்த பாடத்திலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொள்ளாமல், அவர் வித்தையை அவரிடமே விட்டுவிட்டு வருகிறீர்கள். அவர் கை கறுத்திருக்கிறது. உங்கள் சட்டையின் மடிப்புக் கலையவில்லை. கையில் அழுக்குப்படுவது டிரைவரின் வேலை, மெக்கானிக்கின் வேலை என்று தலைமுறையாகக் காத்துவந்த பண்பாடு அது. ஆக்டிங் டிரைவர் வராத நாளிலும் அதை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறீர்கள்.

துணிந்து தாமே இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் முதலில் ஜாக்கியை ஏற்றி வண்டியைத் தூக்கிவிடுகிறார்கள். பிறகு நட்டைத் திருகுகிறார்கள். ஸ்பேனரோடு சக்கரமும் சுற்றுகிறது, ஜாக்கி ஒருபக்கம் சாய்கிறது. அந்த வண்டிக்குள் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே இருட்டில் வண்டி நின்றுபோனால், அந்த வேகம் வருகிற பக்கமாகவே கதவைத் திறந்து இறங்கி, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுகிறீர்கள். போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவது இழுக்கு. இங்கே அதுவே துணிவு. குடும்பத்தை வண்டிக்குள்ளேயே உட்காரவைத்துக் கதவையும் சாத்துகிறீர்கள். வெளியே பனியாம், கொசுவாம். பின்னால் தூக்கக் கலக்கத்தில் வருகிற லாரி ஓட்டுநருக்கு, நிற்கிற கார் ஓடுகிற காராகவே தெரியும். ஓடாத வண்டி என்று அவர் உணரும்போது அவரிடம் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு நொடிகள். முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைத்திருந்தால், அந்த இடத்திலிருந்து இரண்டு நொடிகூடக் கிடைக்காது. நெடுஞ்சாலையில் நூறு மீட்டராவது நடந்துபோய் வைக்கச் சொல்வது அதனால்தான். நீங்கள் அதை உறையைக்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள். வேறு சிலர் கல்லையும் மரக்கிளையையும் சுற்றிப் போட்டு வேலையை முடித்துவிட்டு, பின்னால் பைக்கில் வருகிறவருக்கு நினைவுச்சின்னமாக அந்தக் கற்களைச் சாலையிலேயே விட்டுப் போகிறார்கள்.

நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுகிற அந்த ஹசார்டு விளக்கை நீங்கள் கஞ்சத்தனம் இல்லாமல் பயன்படுத்துகிறீர்கள். மழையில் ஓட்டும்போது போடுகிறீர்கள். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்டப் போடுகிறீர்கள். இப்படி ஓடுகிற வண்டியெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதால், நிற்கிற வண்டி அதைப் போட்டால் யாரும் நம்புவதில்லை. நிற்கிற வண்டிக்காக ஏற்பட்ட ஒரே விளக்கை ஊருக்கே பொதுவாக்கிய வள்ளல்கள் நீங்கள்.

டேஷ்போர்டில் எரிகிற விளக்குகளிடம் உங்களுக்கு உள்ள பொறுமை தனி. மஞ்சள் எரிந்தால் விரைவில் மெக்கானிக்கிடம் காட்டு என்று பொருள்; சிவப்பு எரிந்தால் இப்போதே நிறுத்து என்று பொருள். எண்ணெய்க் கிண்டி வடிவில் சிவப்பு எரிந்தால் இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை. உலோகம் உலோகத்தோடு உராயத் தொடங்கிவிட்டது. சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிப்போகலாம். "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தான், ஊர் வந்துடும்" என்கிறீர்கள். வெப்ப முள் மேலேறி ஆவி கிளம்பினால் மட்டும் பொறுமை போய், உடனே பானட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறீர்கள். உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் அடைபட்டு, நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. மூடி தளர்ந்த கணத்தில் முகத்திலும் கையிலும் பீச்சியடிக்கும். ஏசியை அணைத்து, இன்ஜினை நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிட்டு, துணியைப் போர்த்தி மெல்லத் திறக்க வேண்டிய மூடி அது.

சென்னைக்காரர்களின் துணிவுக்கு வெள்ளமே சாட்சி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரம் முழுக்கக் கார்கள் நீரில் நின்றன. நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. காற்று போகிற வழியில் நீர் ஏறியிருந்தால், பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, டோயிங் வண்டியை அழைப்பதோடு நம் வேலை முடிகிறது. நீங்கள் அதோடு விடுகிறீர்களா? சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்காத சாதாரணக் காப்பீட்டில் அந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது என்பதை அறிந்தபின், அதையும் பொறுத்துக்கொள்கிறீர்கள்.

பேட்டரி இறங்கிய காலையில் அபார்ட்மெண்டே உங்கள் வண்டியைத் தள்ளுகிறது. ஜம்ப்பர் கேபிள் வைத்திருந்தால், சிவப்பு முனையை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை இறங்கிய வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டினால் தீர்ந்தது. இதைக் கற்றால் அண்டை வீட்டாரோடு உறவு குறைந்துவிடும் என்று விட்டிருக்கிறீர்கள் போலும்.

உங்கள் பெருமைக்கு முன்னால் பெர்த்தா பென்ஸ் அம்மையார் எம்மாத்திரம்? 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. எரிபொருள் குழாய் அடைத்தது; தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறை கட்டும் பட்டையைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் அடிக்கச் சொன்னார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். கூப்பிட மெக்கானிக் இல்லாத உலகம். உங்களுக்கோ இருக்கிறார். நள்ளிரவு ஒரு மணிக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து சென்னை மெக்கானிக்கை எழுப்பி, "ஒரு மாதிரி சத்தம் வருதுப்பா" என்கிறீர்கள். எந்தப் பக்கம், ஓடும்போதா நிற்கும்போதா என்று அவர் கேட்டால் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவரை விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஜாக்கியை மட்டும் காட்டவில்லை. அவர்களைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்ற அன்புதான் காரணம் என்று அறிவேன். அந்த அன்பு ஒருநாள் அவர்களைத் தனியாகச் சாலையோரத்தில், முன்பின் தெரியாதவர் வண்டி நிறுத்தி இறங்கி வருவதைப் பார்த்தபடி நிற்கவைக்கும்.

என் புகழ்மாலை போதும். இனி ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன், வீட்டு வாசலில் சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாரையும் கூப்பிடுங்கள். டிக்கியைத் திறந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, மறுபடி பழையபடி மாட்டுங்கள். ஒவ்வொருவரும் ஒரு நட்டையாவது தங்கள் கையால் தளர்த்தட்டும். முக்கோணத்தின் உறையைக் கிழித்து விரித்துப் பாருங்கள். ஸ்டெப்னிக்குக் காற்று அடித்து வையுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் எல்லாரும் சாலைக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். அவர்களுடைய போனிலும் ஒரு எண்ணைப் பதியுங்கள்: தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.