டேப்பட் பார்க்கும் பெரிய மனிதர்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. வண்டி ஓட்டும் நேரத்தைவிட, அது போடும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்கும் நேரம் இவருக்கு அதிகம். திருவொற்றியூரில் செய்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 346 சி.சி. வண்டிதான் இவர் அகராதியில் வண்டி. மற்றதெல்லாம் ஆபீஸ் போய்வர உதவும் சாதனங்கள்.

இவர் முதன்முதலாக ஸ்பேனர் எடுப்பது மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் என்று வீட்டில் சொல்லப்படும். உண்மைக் காரணம் வேறு. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெக்கானிக் பேச்சுவாக்கில் டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, சரிசெய்து முடித்துவிட்டுக் கையைத் துடைப்பதைப் பார்த்திருப்பார். ‘இவ்வளவுதானா!’ என்று மனதில் தோன்றும். அதற்குப் பிறகு இவரைத் தடுக்க முடியாது.

ஏற்பாடுகள் தடபுடலாக இருக்கும். ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் போய், இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வருவார். விசிறிபோல விரியும் அந்தத் தகடுகளை வீட்டில் எல்லோருக்கும் விரித்துக் காட்டுவார். இந்த வண்டிக்கு அது தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரியவரும். இந்த எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி பூஜ்யம். அளக்க எதுவும் கிடையாது. வால்வைத் திறக்கும் புஷ் ராடு மேலும் கீழும் ஆடக் கூடாது, விரலால் உருட்டினால் மட்டும் லேசாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் சூடேறி சிலிண்டர் நீளும்போது வேண்டிய இடைவெளி தானாக வந்துவிடும். கேஜ் ஷோகேஸுக்குப் போகும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் கடைசியாக ஒரு தடவை சத்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ரசித்துக் கேட்டு, எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடுவார். வேலை சாயங்காலத்துக்குப் போகும்.

எஞ்சினின் வலப்பக்கம், சிலிண்டருக்கு அடியில், ஒரே நட்டில் நிற்கும் சிறிய மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். இதுவரை எல்லோருக்கும் வரும். அடுத்ததுதான் சூட்சுமம். பிஸ்டன் உச்சிக்கு வரும் தருணங்கள் இரண்டு: கம்ப்ரஷன் முடிவில் ஒன்று, புகையை வெளியே தள்ளி முடிக்கும்போது இன்னொன்று. முதலாவதில்தான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். நம்மவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் இரண்டாவது. அப்போது இரண்டு வால்வுகளும் கொஞ்சம் திறந்திருப்பதால் ராடுகள் இறுகி நிற்கும். “பாரு, எவ்வளவு டைட்டா வச்சிருக்கான் அந்த ஆளு” என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே இரண்டையும் தாராளமாகத் தளர்த்திவிடுவார்.

தளர்த்துவதும் லேசில்லை. தண்டு, லாக் நட்டு, அட்ஜஸ்டர் என்று மூன்று இடத்தில் ஸ்பேனர் மாட்ட வேண்டும். மனிதனுக்குக் கை இரண்டு. மூன்றாவது கைக்கு வீட்டம்மா அழைக்கப்படுவார். “ஏங்க, இதைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிறது? அடுப்புல பால் இருக்கு.” பால் பொங்கும் வாசனை வந்ததும் மூன்றாவது கை போய்விடும். போகும்போது ஸ்பேனர் நழுவி நட்டின் ஒரு மூலை மழுங்கும். இதற்குப் பிறகு லாக் நட்டை இறுக்கும்போது, கூடவே அட்ஜஸ்டரும் அரைச் சுற்று திரும்பியிருக்கும். அதை இவர் கவனிப்பதில்லை.

ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் சத்தம். தெருவே எட்டிப் பார்க்கும்.

இரண்டாம் முயற்சியில் சரியான உச்சியைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் முதல் முயற்சியில் பட்ட அவமானத்தில், சத்தமே வரக் கூடாது என்று இறுக்கி வைப்பார். வண்டி பூனைபோல ஓடும். இவர் முகத்தில் அப்படியொரு பெருமிதம். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணையும். கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் கீழே போகும். வால்வு முழுசாக மூடாததால் கம்ப்ரஷன் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே இருக்கையில் ஒட்டி உட்காரும் நேரத்தில்தான். உட்கார விடாவிட்டால் அது எரிந்தே போகும். கொஞ்சம் டக்டக் என்ற சத்தத்தை மெக்கானிக்குகள் வேண்டுமென்றே விட்டுவைப்பது இதனால்தான்.

திங்கட்கிழமை பட்டறை. “சும்மா ஓடிக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு தெரியல” என்பார். மெக்கானிக் மூடியைக் கழற்றி, மழுங்கிய நட்டை ஒரு பார்வை பார்ப்பார்.

“யாரு சார் கை வச்சது?”

“முன்னாடி பார்த்த மெக்கானிக்கா இருக்கும்ப்பா.”

“முன்னாடி பார்த்ததும் நான்தான் சார்.”

இத்தனைக்கும் பிறகு இவர் ஓய்வதில்லை. நாலைந்து மாதத்தில் வேலை கைக்குப் பழகிவிடும், உண்மையிலேயே நன்றாகவும் செய்வார். அதுதான் ஆபத்து, ஏனென்றால் அடுத்த கட்டம் ஆலோசனை. நண்பர் தன் வண்டியில் வந்து நின்றால் காதைச் சாய்த்து, “டேப்பட் அடிக்குதே, கொண்டு வா, நானே பார்த்துத் தர்றேன்” என்பார். நண்பரின் வண்டி 2009-இல் வந்த கிளாசிக். அதில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். இடைவெளியை ஆயில் அழுத்தமே பார்த்துக்கொள்ளும். திருகுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது.