ஒரு வாய், முப்பது தட்டு

கேள்வி: டேஸ்டிங் மெனு ஓட்டல்களில் தட்டுக்கு ஒரு வாய்தான் வைக்கிறார்களாமே! வயிறு நிறையுமா?

பதில்: தாராளமாக நிறையும். ஸ்பெயினில் ரோசஸ் ஊருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருந்த எல் புல்லி என்ற ஓட்டலில் ஒரே வேளைக்கு முப்பது வகைக்கு மேல் வரும். மாமியார் வீட்டு விருந்து மாதிரி, வைப்பதுதான் சாப்பாடு. இது வேண்டும், அது வேண்டாம் என்ற பேச்சே இல்லை.

அந்த ஒரு வாய்க்குள் இருக்கும் உழைப்பைப் பாருங்கள். 2005-இல் அந்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் ஃபெரான் அட்ரியா அங்கே ஓர் ஆலிவ் செய்தார். ஆம், செய்தார்! ஆலிவ் சாற்றில் கால்சியம் உப்பைக் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டால், சாற்றைச் சுற்றி மெல்லிய தோல் கட்டிக்கொள்ளும். பார்வைக்கு முழு ஆலிவ். நாக்கால் அழுத்தினால் பட்டென்று உடைந்து வாயெல்லாம் சாறு. கொட்டை துப்பும் வேலையும் மிச்சம்! இப்படிப் புதிது புதிதாகக் கண்டுபிடிப்பதற்காகவே வருஷத்தில் ஆறு மாதம் ஓட்டலை மூடிவைத்தார்கள். 2011-இல் அந்த ஓட்டலை மூடியேவிட்டார்கள். சாப்பாட்டுப் பிரியர்களுக்குப் பெரிய நஷ்டம்தான்.

இதுமாதிரி இடத்துக்குப் போகிற அன்று மதியம் லேசாகச் சாப்பிடுங்கள். முதலில் வரும் ரொட்டியை ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பெல்ட்டில் இரண்டு ஓட்டை கூடுதலாக இருப்பது நல்லது.